நைஜீரியாவின் பொருளாதாரக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நைஜீரியாவைப் பற்றி நாலு கட்டுரை படித்தால் நாலு விதமான எண்கள் கிடைக்கும். எண்ணெய் அந்நாட்டுப் பொருளாதாரத்தில் வெறும் 5 சதவீதம் என்று ஒன்றில் இருக்கும், 90 சதவீதம் எண்ணெயை நம்பிய நாடு என்று இன்னொன்றில் இருக்கும். வேலையின்மை 33 சதவீதம் என்பார் ஒருவர், 4 சதவீதம் என்பார் மற்றவர். ஒரு வருடம் ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய பொருளாதாரம், பத்து வருடம் கழித்து நான்காவது இடம். இதில் பெரும்பாலும் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு எண்ணும் எதை எதால் வகுத்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். அந்த விவரங்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

எண்ணெய் நாடு என்கிறார்கள், ஆனால் ஜிடிபியில் எண்ணெயின் பங்கு 5, 6 சதவீதம்தானா?

ஆமாம், அது சரியான எண்தான். நைஜீரியாவில் 20 கோடிக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயிர் செய்கிறார்கள், சந்தையில் வியாபாரம் செய்கிறார்கள், வீடு வாடகைக்கு விடுகிறார்கள், ஃபோன் பேசுகிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள். இவை எல்லாவற்றின் மதிப்பையும் கூட்டினால் வருவதுதான் ஜிடிபி; கச்சா எண்ணெயும் எரிவாயுவும் அந்த மொத்தத்தில் சிறிய துண்டுதான். விவசாயம் மட்டுமே நாலில் ஒரு பங்குக்குக் கிட்ட வருகிறது.

ஆனால் ஏற்றுமதிக் கணக்கை எடுத்தால் நிலைமை தலைகீழ். நாட்டை விட்டு வெளியே விற்கும் சரக்கின் மதிப்பில் கச்சா எண்ணெயையும் எரிவாயுவையும் சேர்த்தால் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு வந்துவிடும். அரசு வருவாய் மூன்றாவது கணக்கு. 2014க்கு முன்பு எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த காலத்தில் அரசுக்கு வந்த பணத்தில் 70 சதவீதத்துக்கு மேல் எண்ணெய்ப் பணம்தான். அப்புறம் அது இறங்கி, வரிகளின் பங்கு ஏறியிருக்கிறது.

ஆக, ஒரே எண்ணெய்க்கு மூன்று பங்குகள்: உற்பத்தியில், ஏற்றுமதியில், அரசு வருவாயில். மூன்றும் உண்மை. எந்தப் பங்கு என்று சொல்லாமல் 'எண்ணெய் இத்தனை சதவீதம்' என்று எழுதியிருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம்.

அந்த 5 சதவீதம் ஆட்டம் கண்டால் ஏன் நாடே ஆடுகிறது?

ஏனென்றால் டாலர் வருவது அந்தத் துண்டிலிருந்துதான். ஊரில் இருக்கும் நிலத்தில் விளைவதைச் சாப்பிட்டு, துபாயில் இருக்கும் மகன் அனுப்பும் பணத்தில் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் பார்க்கும் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசிக் கணக்கில் மகனின் பங்கு சிறியதுதான், ஆனால் அவன் வேலை போனால் வீடு தடுமாறும். நைஜீரியா கோதுமையையும் மருந்தையும் இயந்திரங்களையும், சமீப காலம் வரை பெட்ரோலையும் கூட, டாலர் கொடுத்துத்தான் வாங்கியது. வெளிநாட்டில் இருக்கும் நைஜீரியர்கள் அனுப்பும் பணமும் பெரிய தொகைதான், ஆண்டுக்குச் சுமார் 2,000 கோடி டாலர். இருந்தாலும் அது குடும்பங்களுக்குப் போகிறது, அரசின் கைக்கும் மத்திய வங்கிக்கும் நேராக வருவது எண்ணெய் டாலர்.

2016ஐப் பாருங்கள். உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்து கிடந்தது. அந்த பிப்ரவரியில் ஃபோர்கடோஸ் எண்ணெய் ஏற்றுமதி முனையத்துக்குப் போகும் கடலடிக் குழாயை, எண்ணெய் எடுக்கும் பகுதியான நைஜர் டெல்டாவின் தீவிரவாதிகள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். விலையும் இல்லை, சரக்கும் இல்லை. டாலர் கிடைக்காமல் தொழிற்சாலைகள் மூலப்பொருள் வாங்க முடியாமல் நின்றன. எண்ணெய்க்குச் சம்பந்தமே இல்லாத துறைகளும் சுருங்கி, அந்த வருடம் மொத்தப் பொருளாதாரமும் சுமார் 1.6 சதவீதம் குறைந்தது. 5 சதவீதமோ 8 சதவீதமோ, பங்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இது புரியவே புரியாது.

2014இல் ஒரே நாளில் ஜிடிபி 89 சதவீதம் கூடியது என்கிறார்களே, அது எப்படி?

அந்த ஏப்ரல் மாதம் நைஜீரியாவின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் அடிப்படை ஆண்டை 1990இலிருந்து 2010க்கு மாற்றியது. 2013க்கான ஜிடிபி, அந்நாட்டு நாணயமான நைராவில், 42 லட்சம் கோடி நைராவிலிருந்து 80 லட்சம் கோடி நைராவாக உயர்ந்தது, டாலரில் சுமார் 51,000 கோடி. தென்னாப்பிரிக்காவைத் தாண்டி கண்டத்திலேயே முதலிடம்.

இதில் மோசடி எதுவும் இல்லை. அதுவரை பயன்படுத்திய கணக்கு முறைதான் மிகப் பழையது. 1990இல் எந்தத் துறைக்கு எவ்வளவு எடை இருந்ததோ அதையே வைத்து இருபது வருடத்துக்கு மேல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1990இல் நைஜீரியாவில் செல்ஃபோன் கிடையாது. 2001இல் ஜிஎஸ்எம் சேவை வந்தது, பத்தே வருடத்தில் கோடிக்கணக்கான இணைப்புகள். பழைய கணக்கில் தொலைத்தொடர்பின் பங்கு 1 சதவீதம் கூட இல்லை, புதியதில் 8, 9 சதவீதம். நாலிவுட் என்கிற நைஜீரிய சினிமா உலகெங்கும் ஓடியது, ஆனால் கணக்கில் இல்லை. 2014இல்தான் திரைப்படமும் இசையும் ஒரு தனித் துறையாக உள்ளே வந்தன. இப்படிப் பல துறைகள் சேர்ந்ததும் எண்ணெய், எரிவாயுவின் பங்கு சுமார் 32 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக இறங்கியது. எண்ணெய் ஒரு பேரல் கூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அன்றைக்கு நைஜீரியர்கள் பலர் கேட்ட கேள்வி நியாயமானது: நேற்றைக்கும் இன்றைக்கும் என் தட்டில் என்ன மாறியது? எதுவும் மாறவில்லை. ஆனால் சில விகிதங்கள் மாறின. ஜிடிபி பெரிதானதால் அதோடு ஒப்பிட்ட கடன் விகிதம் சின்னதாகத் தெரிந்தது, கடன் வாங்க வசதி. ஜிடிபியோடு ஒப்பிட்ட வரி வசூலும் சின்னதாகிவிட்டது. இவ்வளவு பெரிய பொருளாதாரத்தில் இவ்வளவு குறைவாகத்தான் வரி வசூலிக்கிறீர்களா என்ற கேள்வி வந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது விஷயம்தான். எண்ணெய்ப் பணம் வருகிறது என்று பல பத்தாண்டுகள் வரி நிர்வாகத்தைக் கவனிக்காமல் விட்டதை அந்த ஒரு விகிதம் வெளியே கொண்டுவந்தது.

கானாவும் 2010இல் இதையே செய்து, அதன் ஜிடிபி சுமார் 60 சதவீதம் கூடியது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் இப்படிப்பட்ட தாவல்கள் வராது.

2025இல் மறுபடியும் மாற்றினார்களா?

மாற்றினார்கள். ஜூலை 2025இல் அடிப்படை ஆண்டு 2019 ஆனது. டிஜிட்டல் சேவைகள், சிறிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், ஓய்வூதிய நிதி நிர்வாகம், வீட்டு வேலை செய்பவர்களின் உழைப்பு போன்றவை கூடுதலாகச் சேர்ந்தன. இந்த முறை ஜிடிபி அளவு சுமார் 40 சதவீதம் கூடியது. 2024க்கான மொத்தம் 372.8 லட்சம் கோடி நைரா, அதாவது சுமார் 24,300 கோடி டாலர். பயிர் விவசாயம், வணிகம் இவற்றுக்கு அடுத்து ரியல் எஸ்டேட் மூன்றாம் இடத்துக்கு ஏறியது, கச்சா எண்ணெய் அதற்கும் தொலைத்தொடர்புக்கும் கீழே போனது. முதல் கேள்வியில் சொன்ன 5, 6 சதவீதம் இந்தப் புதிய கணக்கிலிருந்து வருவதுதான்.

பழைய அடிப்படையில் வந்த 2023 எண்ணையும் புதிய அடிப்படையில் வந்த 2024 எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அபத்தமான முடிவுதான் வரும். இணையத்தில் இருக்கும் வரைபடங்களில் இந்தத் தவறு நிறைய இருக்கிறது.

டாலரில் பார்த்தால் 2014இல் 50,000 கோடிக்கு மேல், 2024இல் பாதி கூட இல்லை. பொருளாதாரம் பாதியாகச் சுருங்கிவிட்டதா?

இல்லை, சுருங்கியது நைராவின் மதிப்பு. இதை ஒரு வருடத்துக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். புதிய அடிப்படையில் 2023இன் ஜிடிபி 314 லட்சம் கோடி நைரா, 2024இல் 373 லட்சம் கோடி. நைராவில் 19 சதவீத உயர்வு. ஆனால் 2023 சராசரியாக ஒரு டாலருக்கு 645 நைரா என்று எடுத்தால் முதல் எண் சுமார் 48,700 கோடி டாலர். 2024இல் சராசரி 1,500ஐத் தாண்டிவிட்டதால் இரண்டாவது எண் 24,300 கோடி டாலர். பாதி! விலைவாசியைக் கழித்துவிட்டு, உண்மையில் எவ்வளவு உற்பத்தி ஆனது என்று பார்த்தால் வளர்ச்சி 3.4 சதவீதம்.

ஒரே நாடு, ஒரே வருடம். 19 சதவீதம் ஏற்றம், 50 சதவீதம் இறக்கம், 3.4 சதவீத வளர்ச்சி. மூன்றும் சரி. எது வேண்டும் என்பது நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. மக்கள் எவ்வளவு விளைவித்தார்கள், செய்தார்கள் என்றால் மூன்றாவது. வெளிக்கடனைக் கட்டும் சக்தி எவ்வளவு என்றால் இரண்டாவது. முதலாவது, விலைவாசி கலந்த எண், தனியாக எதையும் சொல்லாது.

நைரா ஏன் அப்படி விழுந்தது? பல வருடம் மத்திய வங்கி அதிகாரபூர்வ மாற்று விகிதத்தைச் செயற்கையாகப் பிடித்து வைத்திருந்தது, வெளிச்சந்தையில் டாலர் அதைவிட வெகு அதிகம். 2023 ஜூனில் பிடியை விட்டார்கள். அதுவரை 470 நைரா சுற்றிலும் இருந்த டாலர் சில நாட்களில் 700ஐத் தாண்டியது, அடுத்த வருடத் தொடக்கத்தில் 1,400ஐயும் தாண்டியது. அப்படியானால் 2023க்கு முந்தைய டாலர் கணக்குகளெல்லாம் கொஞ்சம் ஊதிப்போனவைதான். நிஜத்தில் யாருக்கும் கிடைக்காத விகிதத்தில் வகுத்து வந்தவை. ஆப்பிரிக்காவின் முதலிடம் என்ற பட்டமும், தென்னாப்பிரிக்கா, எகிப்து, அல்ஜீரியாவுக்குப் பின்னால் நான்காவது இடம் என்ற செய்தியும் பெருமளவு இந்த விகிதம் எழுதிய கதை.

2022இல் எண்ணெய் 100 டாலருக்கு விற்றது. நைஜீரியா கொழித்திருக்க வேண்டுமே?

கொழிக்கவில்லை. இந்த ஒரு வருடத்தைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் புரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஜிடிபி வளர்ச்சியை நிலையான விலையில் கணக்கிடுவார்கள், அதாவது பேரல் விலை ஏறினாலும் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், எத்தனை பேரல் என்பதை மட்டும் பார்ப்பார்கள். 2022இல் பேரல்கள் குறைந்தன. செப்டம்பரில் தினசரிக் கச்சா எண்ணெய் உற்பத்தி 10 லட்சம் பேரலுக்கும் கீழே, சுமார் 9.4 லட்சத்துக்கு விழுந்தது. அப்போது எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் கொடுத்திருந்த ஒதுக்கீடு 18 லட்சத்துக்கு மேல். ஆகவே விலை உச்சத்தில் இருந்த அதே வருடம் எண்ணெய்த் துறை 19 சதவீதம் சுருங்கியதாகப் புள்ளிவிவரம் சொன்னது. மற்ற துறைகள் 4.8 சதவீதம் வளர்ந்ததால் மொத்த வளர்ச்சி 3.1 சதவீதம்.

சரி, விலையாவது கிடைத்ததே, அந்தப் பணம்? அதற்கு வழியில் மானியம் காத்திருந்தது. நைஜீரியா கச்சா எண்ணெயை விற்றுப் பெட்ரோலை இறக்குமதி செய்யும் நாடாக இருந்தது; அரசு ஆலைகள் வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. உலக விலை ஏற ஏற இறக்குமதிப் பெட்ரோலின் விலையும் ஏறும். ஆனால் பெட்ரோல் நிலையத்தில் விற்கும் விலையை அரசு ஏற்றாது. வித்தியாசத்தை அரசு எண்ணெய் நிறுவனமான என்என்பிசி தன் வருவாயிலிருந்து கழித்துக்கொண்டு, கூட்டாட்சி நிதிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நிறுத்திவிட்டது. விளைவு, 2022 ஜனவரி முதல் ஏப்ரல் வரை மத்திய அரசுக்கு வந்த வருவாய் 1.63 லட்சம் கோடி நைரா, கடனுக்குக் கட்டியது 1.94 லட்சம் கோடி. வந்த பணம் முழுவதையும் கொடுத்தும் வட்டிக்கும் தவணைக்கும் போதவில்லை, சம்பளத்தைக் கூடக் கடன் வாங்கித்தான் கொடுக்க வேண்டும் என்ற நிலை. அதுவும் எண்ணெய் 100 டாலர் விற்ற வருடத்தில்.

ஒரு நாளைக்கு எத்தனை பேரல் எடுக்கிறார்கள்? ஏன் ஆளாளுக்கு ஒரு எண்?

ஒபெக்கின் மாதாந்தர அறிக்கையைத் திறந்தால் உற்பத்திக்கு இரண்டு அட்டவணைகள் இருக்கும். ஒன்று உறுப்பு நாடே நேரடியாகத் தெரிவித்தது. மற்றொன்று வெளி நிறுவனங்கள் கப்பல் ஏற்றுமதி முதலியவற்றைப் பார்த்து மதிப்பிட்டது. நைஜீரியாவுக்கு இவை இரண்டும் பல மாதங்களில் ஒத்துப்போகாது.

அதற்கு மேல் இன்னொரு சிக்கல், கண்டென்சேட் என்கிற லேசான திரவம். எரிவாயுவோடு சேர்ந்து வெளிவரும், நல்ல விலைக்கும் போகும், ஆனால் ஒபெக் ஒதுக்கீட்டில் அதைச் சேர்ப்பதில்லை. ஆழ்கடலில் இருக்கும் அக்போ வயல் இப்படிப்பட்டது. அதனால் அமைச்சர் பேச்சில் கண்டென்சேட்டும் சேர்ந்து 17 லட்சம் பேரல் என்று வரும், ஒபெக் அட்டவணையில் 14 அல்லது 15 லட்சம் என்று இருக்கும். பட்ஜெட் எண் இவை இரண்டையும் விடப் பெரியது: 2025 பட்ஜெட்டில் தினமும் 20.6 லட்சம் பேரல், பேரலுக்கு 75 டாலர் என்று எடுத்துக்கொண்டார்கள். அது அரசின் ஆசை. அதை உற்பத்தி எண் என்று மேற்கோள் காட்டும் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன.

எண்ணெய்த் திருட்டு அவ்வளவு பெரியதா?

பெரியதுதான். கிணற்றில் எடுத்ததற்கும் முனையத்தில் வந்து சேர்ந்ததற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் திருட்டு என்று சொல்லிவிட முடியாது, கசிவும் அளவைப் பிழையும் அதில் உண்டு. ஆனால் 2022 அக்டோபரில் ஃபோர்கடோஸ் முனையத்திலிருந்து கடலுக்குள் 4 கிலோமீட்டர் நீளத்துக்குப் போன ஒரு சட்டவிரோதக் குழாயைக் கண்டுபிடித்ததாகவும், அது ஒன்பது வருடம் ஓடியிருக்கிறது என்றும் என்என்பிசியே சொன்னது. ஒன்பது வருடம் ஒரு நாட்டின் முக்கியமான ஏற்றுமதி முனையத்திலேயே குழாய் போட்டு எடுக்க முடிந்தால், அந்த ஒன்பது வருட உற்பத்திப் புள்ளிவிவரத்தையும் ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தையும் எந்த நம்பிக்கையில் படிப்பது? டெல்டாவில் மீன் செத்து மிதக்கும் ஓடைகளின் கரையில் வாழும் மக்களுக்கோ அந்த எண்ணெய் கணக்கில் வந்தாலும் நஷ்டம், வராவிட்டாலும் நஷ்டம். 1956இல் டெல்டாவின் ஒலோய்பிரியில் முதல் எண்ணெய் கிடைத்ததிலிருந்து இந்த இழப்பை எந்த ஜிடிபி கணக்கும் கழித்துக் காட்டியதில்லை.

எரிவாயுவை எங்கே தேடுவது? ஏற்றுமதி அட்டவணையில் காணோமே?

இருக்கிறது, பெயர்தான் குழப்பும். நைஜீரிய வெளிநாட்டு வணிக அறிக்கையில் ஏற்றுமதியை மூன்றாகப் பிரிப்பார்கள்: கச்சா எண்ணெய், கச்சா அல்லாத எண்ணெய்ப் பொருள்கள், எண்ணெய் சாராதவை. திரவ எரிவாயு இரண்டாவதில் போகும். இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து 'கச்சா எண்ணெய் அல்லாதவை' என்று ஒரு மொத்தமும் வரும். அந்த மொத்தம் கூடினால், ஆஹா, நைஜீரியா எண்ணெயை விட்டு வெளியே வருகிறது என்று எழுதிவிடுவார்கள். கூடியது பெரும்பாலும் எரிவாயுவாக இருக்கும். கோகோ, எள், முந்திரி எல்லாம் இருப்பது மூன்றாவது வரியில், அதைத் தனியாகப் பாருங்கள்.

எரிவாயு இருப்பு 200 லட்சம் கோடி கன அடிக்கு மேல், ஆப்பிரிக்காவிலேயே அதிகம். போனி தீவில் இருக்கும் திரவ எரிவாயு ஆலை 1999இல் முதல் கப்பலை அனுப்பியது. ஆறு அலகுகள், ஆண்டுக்கு 2.2 கோடி டன் திறன், ஏழாவது அலகு வந்தால் 3 கோடி டன். திறன் என்பதை ஏற்றுமதி என்று படித்துவிடாதீர்கள். 2022இல் ஐரோப்பா எரிவாயுவுக்கு அலைந்த நேரத்தில் போனி ஆலைக்குப் போதிய வாயு வந்து சேரவில்லை, குழாய்த் திருட்டு ஒரு காரணம். அக்டோபரில் வெள்ளம் வேறு வந்து, ஒப்பந்தப்படி தர இயலாது என்று அறிவிக்க வேண்டியிருந்தது. உள்நாட்டிலோ 20 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு மின்கட்டமைப்பு 4,000, 5,000 மெகாவாட் கொடுத்தாலே பெரிது. தமிழ்நாடு கோடையில் ஒரு நாள் உச்சத்தில் 20,000 மெகாவாட்டைத் தாண்டுகிறது என்பதை நினைத்தால் அளவு புரியும்.

வேலையின்மை 33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது எப்படி?

வேலை பெருகவில்லை, வரையறை மாறியது. 2020 கடைசிக் காலாண்டில் 33.3 சதவீதம் என்றபோது, வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்தவரையும் வேலையில்லாதவர் என்று எண்ணினார்கள். 2023இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைக்கு மாறினார்கள், வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கோ லாபத்துக்கோ உழைத்தால் போதும். 2023 முதல் காலாண்டில் 4.1 சதவீதம் என்று வந்தது.

லாகோஸ் சாலை நெரிசலில் கார்களுக்கு நடுவே ஓடித் தண்ணீர்ப் பாக்கெட் விற்கும் பையன் பழைய கணக்கில் சில வாரம் வேலையில்லாதவன், புதிய கணக்கில் வேலையில் இருப்பவன். உதவித்தொகை இல்லாத நாட்டில் ஏழைகளால் வேலையில்லாமல் உட்கார முடியாது, ஆகவே எண் குறைவாக வருவதில் ஆச்சரியமில்லை. புதிய வரையறை தவறு என்று நான் சொல்ல மாட்டேன், மற்ற நாடுகளோடு ஒப்பிட அது வேண்டும். ஆனால் நைஜீரியாவுக்கு அந்த எண்ணைப் பார்ப்பதே வீண். அதே அறிக்கையில் இருக்கும் இன்னொரு எண்ணைப் பாருங்கள்: வேலையில் இருப்பவர்களில் 92 சதவீதத்துக்கு மேல் முறைசாரா வேலையில் இருக்கிறார்கள். நைஜீரியரின் வாழ்க்கையைச் சொல்வது அதுதான்.

பணவீக்கம் ஒரே மாதத்தில் 34.8இலிருந்து 24.5க்கு இறங்கியதும் இதே மாதிரிதானா?

கிட்டத்தட்ட. டிசம்பர் 2024இல் 34.80 சதவீதம், ஜனவரி 2025இல் 24.48. இடையில் விலைக் குறியீட்டின் அடிப்படை ஆண்டை 2009இலிருந்து 2024க்கு மாற்றினார்கள், பொருள்களின் எண்ணிக்கையை 740இலிருந்து 934ஆகக் கூட்டினார்கள், உணவின் எடை சுமார் 52 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக இறங்கியது. அரிசியும் மரவள்ளி மாவும் அந்த மாதம் மலிவாகிவிடவில்லை. மாற்றம் தேவையானதுதான், 15 வருடப் பழைய கூடையை வைத்து யாரும் குடும்பம் நடத்துவதில்லை. ஆனால் அந்த இரண்டு எண்களையும் ஒரே கோட்டில் இணைத்து 'பணவீக்கம் 10 புள்ளி சரிவு' என்று எழுதுவது தவறு.

தனிநபர் வருமானம் எவ்வளவு?

முதலில் எத்தனை நபர் என்று தெரிய வேண்டும். கடைசியாகத் தலைகளை எண்ணியது 2006இல், 14 கோடி. 2023இல் நடக்கவிருந்த கணக்கெடுப்பு தள்ளிப்போனது. இப்போது சொல்லப்படும் 23 கோடி, ஐ.நா.வின் மதிப்பீடு.

எண்ணுவதில் என்ன கஷ்டம் என்றால், தலை எண்ணிக்கைதான் பணம், தலை எண்ணிக்கைதான் நாடாளுமன்ற இடம். 1962 கணக்கெடுப்பு ரத்தானது, 1963இல் மறுபடி எண்ணியதும் சண்டையில் முடிந்தது, 1973 முடிவை ஏற்கவே இல்லை. 2006இல் கானோ மாநிலத்துக்கு 94 லட்சம், லாகோஸுக்கு 90 லட்சம் என்று வந்தபோது லாகோஸ் அரசு தானே எண்ணி, எங்களிடம் 1.75 கோடி பேர் என்றது. ஏறக்குறைய இரு மடங்கு. ஐ.நா.வின் அந்த 23 கோடியால் 2024 ஜிடிபியை வகுத்தால் ஆளுக்குச் சுமார் 1,000 டாலர் வருகிறது. அதற்குப் பக்கத்தில் தசமப் புள்ளி போட்டு எழுதுபவர்களை நம்பாதீர்கள்.

எண்ணெய்ப் பணம் கடைசியில் யாருக்குப் போகிறது?

மாதா மாதம் தலைநகர் அபுஜாவில் ஒரு குழு கூடிக் கூட்டாட்சி நிதியைப் பிரிக்கிறது. எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்கு முதலில் 13 சதவீதம். மீதியில் மத்திய அரசுக்கு 52.68, மாநிலங்களுக்கு 26.72, உள்ளாட்சிகளுக்கு 20.60 சதவீதம். ஒவ்வொரு மாதமும் பிரித்த தொகை வெளியிடப்படுகிறது. நல்ல விஷயம், பயன்படுத்துங்கள். ஆனால் அந்த நிதிக்கு வந்து சேர்வதற்கு முன்னால் எவ்வளவு கழிந்தது என்பதுதான் பழைய சண்டை. அப்போது மத்திய வங்கி ஆளுநராக இருந்த சனுசி லமிடோ சனுசி, என்என்பிசி பல ஆயிரம் கோடி டாலரைக் கட்டவில்லை என்று சொன்னார், கடைசியில் அவர் குறிப்பிட்ட தொகை 2,000 கோடி டாலர். 2014 பிப்ரவரியில் அவரைத்தான் இடைநீக்கம் செய்தார்கள்.

இந்தக் கழிவுகளில் பெரியது பெட்ரோல் மானியம். அதை 2023 மே 29 அன்று பதவியேற்பு உரையிலேயே நிறுத்துவதாக அதிபர் டினுபு அறிவித்தார். 200 நைராவுக்குக் கீழே இருந்த லிட்டர் ஒரே வாரத்தில் 500 அளவுக்குப் போனது. மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. புள்ளிவிவரத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும்: தினசரிப் பெட்ரோல் 'நுகர்வு' 6 கோடி லிட்டருக்கு மேல் என்று இருந்தது சில வாரங்களில் 5 கோடிக்குக் கீழே போய்விட்டது. விலை ஏறியதால் ஓட்டத்தைக் குறைத்தவர்கள் உண்டு. மீதி, மலிவு விலையில் வாங்கி பெனினுக்கும் கேமரூனுக்கும் கடத்தப்பட்டதும், காகிதத்தில் மட்டுமே இறங்கிய லிட்டர்களும். நைஜீரிய ஏழைக்காக என்று கொடுத்த மானியத்தின் ஒரு பகுதி நைஜீரியாவுக்குள் தங்கவே இல்லை என்பதற்கு அந்த ஒரு இறக்கம் சாட்சி.

எந்த எண்ணை நம்பலாம்?

காலாண்டு ஜிடிபியும் வெளிநாட்டு வணிகமும் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் தருவது, முறையை விளக்கித்தான் வெளியிடுகிறார்கள், அதைப் படித்துவிட்டுப் பயன்படுத்தினால் போதும். உற்பத்திக்கு ஒபெக்கின் இரண்டு அட்டவணைகளையும் சேர்த்துப் பாருங்கள். யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதற்கு நைஜீரியாவின் சுரங்க வெளிப்படைத்தன்மை அமைப்பு, நெய்ட்டி, நிறுவனங்கள் கட்டியதாகச் சொன்னதையும் அரசு பெற்றதாகச் சொன்னதையும் ஒத்துப் பார்த்து அறிக்கை போடும். தாமதமாக வரும், ஆனால் நான் அதிகம் மதிப்பது அதைத்தான். எதிர்ப்பக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம்: இந்தியா நைஜீரியக் கச்சா எண்ணெயைப் பல வருடங்களாக வாங்கும் நாடு, இந்திய இறக்குமதிப் புள்ளிவிவரத்தில் நைஜீரியாவுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம். கப்பல் செலவும் கால வித்தியாசமும் போக மிச்சம் பெரிதாக இருந்தால் அங்கே ஏதோ கேள்வி இருக்கிறது.

டாங்கோட்டே சுத்திகரிப்பு ஆலை வந்த பிறகு எந்தெந்த எண்கள் மாறும்?

நிறைய மாறும், தப்பாகப் படிக்கவும் வாய்ப்பு அதிகம். லாகோஸ் பக்கத்தில் இருக்கும் இந்த ஆலை ஒரு நாளைக்கு 6.5 லட்சம் பேரல் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. 2024 ஜனவரியில் டீசல், செப்டம்பரில் பெட்ரோல் வந்தது. உள்நாட்டுக் கச்சா எண்ணெய் இந்த ஆலைக்குப் போகப் போகக் கச்சா ஏற்றுமதி எண் குறையும். அதைப் பார்த்து எண்ணெய் வருவாய் சரிகிறது என்று தலைப்பு வரும். அதே நேரத்தில் பெட்ரோல் இறக்குமதியும் குறையும், சுத்திகரித்த பொருள்களின் ஏற்றுமதி கூடும், அது 'கச்சா எண்ணெய் அல்லாதவை' என்ற மொத்தத்துக்குள் போய் உட்கார்ந்து, நாடு எண்ணெயை விட்டு விலகிவிட்டது போலத் தோற்றம் தரும். ஜிடிபியில் கூடுதல் மதிப்பு கச்சா எண்ணெய் வரியில் வராது, தொழில் உற்பத்தியின் கீழ் இருக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு வரியில் வரும். ஆலைக்கு உள்நாட்டுச் சரக்கு போதாமல் அமெரிக்கக் கச்சா எண்ணெயும் வாங்கியிருக்கிறார்கள், ஆகவே இறக்குமதிப் பட்டியலில் கச்சா எண்ணெயே வந்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். கச்சா எண்ணெய், சுத்திகரித்த பொருள்கள் இரண்டிலும் ஏற்றுமதியிலிருந்து இறக்குமதியைக் கழித்து, வரும் நிகர டாலரை முந்தைய வருடத்தோடு ஒப்பிடுங்கள்; தனித்தனி வரிகளை இன்னும் சில வருடங்களுக்கு ஒப்பிடாமல் இருப்பது நல்லது.